நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் பிளாஸ்டிக் டிசைனர் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் என் வேலை இடம் விடுவது. பிளாஸ்டிக்கை உருக்கித் தகடாக இழுப்பதை எந்த ஆலையும் செய்யும். அந்தத் தகடு வெயிலில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அது நீள்வதற்கு வேண்டிய இடத்தை விட்டுவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரும்பு ஒரு பங்கு நீண்டால் பிளாஸ்டிக் ஆறு பங்கு நீளும். இது தெரியாதவர்கள் என் வேலையைப் பார்த்தால் அளவு தப்பிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

வேலங்குப்பம் கூரைத் திறப்பு விழாவில் அமைச்சரே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ஷீட்டு பத்தலையா?"

கூட்டம் சிரித்தது. மேடை நாகரிகத்துக்காக நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

கூரை ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வெட்டவெளியில் யாரும் நிற்கக்கூடாது என்று வெயில் தடைச் சட்டம் வந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எங்கள் வடக்கு மாவட்டங்களில் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது டிகிரி சாதாரணமாகிவிட்டது. தகர வீட்டுக்குள் இருந்தாலும் சாவு, வெளியே வந்தாலும் சாவு. அதனால் ஊருக்கு ஊர் கடைத்தெருக்களின் மேல் கூரை போட்டார்கள். பகலில் ஊர் மொத்தமும் அதன் கீழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலங்குப்பம் பெரிய கடைத்தெருவின் கூரை நான் வரைந்தது. கிழக்கு மேற்காக நானூற்றெண்பது மீட்டர். பழைய தண்ணீர் டிரம்களையும் கார் பம்பர்களையும் உருக்கி, கண்ணாடி நார் கலந்து இழுத்த தகடுகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர் நீளம், நூற்றிமுப்பது கிலோ எடை. பக்கத்துக்குப் பக்கம் ஆறு தகடு, முன்னும் பின்னுமாக நாற்பது வரிசை.

ஒவ்வொரு தகட்டின் கிழக்கு முனையை போல்ட் போட்டு இறுக்கினேன். மேற்கு முனை தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டேன். வெயில் ஏற ஏறத் தகடு நீளும், சந்து குறுகும். அந்திக்கு மறுபடி விரியும். அந்தச் சந்துகளின் வழியே வெயில் இறங்கித் தெருவின் குறுக்கே கோடு கோடாக விழும். தெருக்காரர்கள் அதற்கு 'பியூலா கோடு' என்று என் பெயரையே வைத்தார்கள். அன்பினால் வைத்த பெயர் அல்ல.

மழைக்காலத்தில் அது வசவாகவே மாறியது. சந்துகளுக்கு அடியில் தண்ணீர் போக வாய்க்கால் கொடுத்திருந்தேன். அதில் புறா கூடு கட்டியது. தண்ணீர் கடைகளுக்குள் கொட்டியது. அதிகம் அவதிப்பட்டவர் நவநீதம். கீழே கேழ்வரகுக் கூழ்க்கடை, மேலே வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. பதினேழாவது சந்து அவர் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு எட்டும் தூரத்தில்தான் முடிகிறது. ஒவ்வொரு மழைக்கும் போன் வரும்.

"மேடம், உங்க கோடு இன்னிக்கும் என் வடகத்த குளிப்பாட்டி உட்டுச்சி."

"நகராட்சியில மேனுவல் குடுத்திருக்கேன் அக்கா. அவங்கதான் வாய்க்கால சுத்தம் பண்ணணும்."

"மேனுவல்னா இன்னா மேடம்?"

அந்த மேனுவல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். சந்து எதற்காக என்று அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. தெருவில் ஒருவரிடமும் நான் வாய் திறந்து சொன்னதில்லை. நேரமில்லை என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரமெல்லாம் இருந்தது. ஊரே முட்டாள்தனமாகச் சிரிக்கும்போது எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு நவநீதம் கூப்பிட்டார். நான் ராணிப்பேட்டை அலுவலகத்தில் இருந்தேன்.

"மேடம், ரொம்ப தேங்க்ஸ். ஒரு வருசமா கத்தனதுக்கு ஒருவழியா கேட்டீங்க."

"எதுக்கு அக்கா தேங்க்ஸ்?"

"கோட்ட அடைச்சிட்டீங்களே. நம்ம ஒழுகல் ஏகாம்பரம்தான் செஞ்சாரு. ஆறு நாளா வேல. நேத்து சாயந்திரம் கடைசி வரிசையும் முடிஞ்சிடுச்சி. இப்போ ஒரு பொட்டு வெயில் கீழ இறங்கல."

"மொத்தத் தெருவுமா?"

"மொத்தத் தெருவும். என்னா பாங்கான வேல தெரியுமா? டக்கு டக்குனு சத்தம் மட்டும் வருது. இறுக்கமா ஒக்காந்துகினு கீது, அதான் சத்தம்னு சொன்னாரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆறு நாளும் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை இருந்ததால் வானம் மூடியிருந்தது. கூரை சூடாகவே இல்லை. இன்றைக்கு மேகம் கலைந்து நாற்பத்தொன்பது டிகிரி என்று காலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். மதியம் கூரையின் சூடு அறுபத்தாறைத் தொடும். அந்த நேரம் அதன் கீழே இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நகராட்சிப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "எழுத்துல குடுங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார். வண்டியை எடுத்தேன்.

ஒன்பது மணிக்கு வேலங்குப்பத்தில் ஒரு கடையின் மாடி ஏறிப் பார்த்தபோது என் கண்ணுக்கே சந்து எங்கே இருந்தது என்று முதலில் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஏகாம்பரத்துக்கு அறுபது வயது இருக்கும். மொட்டை மாடி ஒழுகலை நிறுத்துவதில் மாவட்டம் முழுக்கப் பேர் போனவர், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல என் பக்கத்தில் நின்றார்.

"வர்ற வெள்ளிக்கிழம திரௌபதி அம்மன் திருவிழா மேடம். பத்து நாளு பாரதக் கூத்து இந்தத் தெருவுலதான். போன வருசம் துரியோதனன் வேசம் கட்னவரு தலையில சரியா உங்க கோட்லேந்து தண்ணி கொட்டிச்சி. ஆத்தாவுக்கு என் காணிக்கையா இருக்கட்டும்னு நானே அடைச்சேன். நாப்பது வருசமா என் கை பட்ட எடம் ஒழுகினதில்ல."

"எதை வச்சி அடைச்சீங்க அண்ணே?"

"தார் போட்டா அசிங்கமா இருக்கும். உங்க கம்பெனி விட்டுட்டுப் போன மிச்சத் தகட்டயே கீத்து கீத்தா அறுத்து, உள்ள வச்சி, பசை போட்டு ஒட்டிட்டேன். பொருளுக்குப் பொருள் சரியா போச்சி."

தாரோ ரப்பரோ வைத்திருந்தால் நசுங்கி வழி விட்டிருக்கும். அவர் நல்ல வேலைக்காரர் என்பதுதான் ஆபத்தாகிவிட்டது. கீழே கிடந்த ஒரு மெல்லிய கீற்றை எடுத்தேன். இரண்டு முழ நீளம் இருக்கும். இரண்டு முனைகளையும் அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்தேன்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் லேசா அமுக்குங்க. ஒரு நூல் அளவுதான்."

அமுக்கினார். கீற்றின் நடு மூன்று விரல் உயரத்துக்கு எழும்பியது.

"முனையில ஒரு நூல் தள்ளினா நடுவுல மூணு விரல் எழும்புது பாத்தீங்களா. மேல இருக்கற தகடு ஒவ்வொண்ணும் இன்னிக்கி மதியத்துக்குள்ள ஒரு அங்குலம் நீளப்போவுது. நீள எடமில்ல. நடுவுல முக்கா முழத்துக்கு மேல வளஞ்சி நிக்கும். தகட்ட பக்கவாட்டுல புடிச்சிருக்கற தண்டவாளத்தோட உதடு நாலு விரல் ஒசரந்தான். வெளிய எகிறி கீழ விழும்."

ஏகாம்பரம் கீற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அந்தச் சந்து... வேணும்னே விட்டதா?"

"ஆமா அண்ணே."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"மொதல்ல இத எடுக்கணும் அண்ணே" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஆளைக் கூப்பிட்டு ரம்பம் கொண்டுவரச் சொன்னார். அறுக்க ஆரம்பித்து ஒரு சாண் போவதற்குள் ரம்பம் சிக்கிக்கொண்டது. தகடுகள் ஏற்கெனவே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன, அறுத்த இடம் உடனே மூடி பிளேடைக் கவ்வியது. இரண்டு பிளேடு உடைந்தது. தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா என்று கேட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர் வரும் ஊர், அன்று லாரி வரும் நாளும் இல்லை. குடத்தில் இருப்பது தொண்டைக்கே போதாது.

ஒன்பதே முக்காலுக்கு எனக்கு ஒரு வழி தோன்றியது.

"அண்ணே, நீங்க நாப்பது வரிசையையும் ஒட்டி ஒரே தகடா ஆக்கிட்டீங்க. அப்போ அது ஒரே தகடாவே நீளட்டும். கிழக்கு ஓரத்து வரிசைய மட்டும் விட்டுட்டு மத்த எல்லா போல்ட்டையும் கழட்டிடுவோம். மொத்த நீட்சியும் மேற்கு முனையில வெளிய வரட்டும். அங்க பஸ் ஸ்டாண்டு மைதானம்தானே, காலி எடம்."

"எத்தன போல்ட்டு?"

"தொள்ளாயிரத்துச் சொச்சம். பதினேழாம் நம்பர் ஸ்பேனர்."

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என்றதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. அது மெக்கானிக் கடைகளில் கட்டாயம் கிடக்கும் சாமான். அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த டூவீலர் மெக்கானிக்குகள், பஞ்சர் கடைக்காரர்கள், ஒரு லாரி செட் ஆட்கள் என்று முப்பத்திரண்டு பேரைக் கூட்டிவந்துவிட்டார். நனைத்த கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். மேற்கிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு வரிசை விடுபடும்போதும் கூரை ஒரு முனகல் முனகி அரை அங்குலம் நகரும். மேலே கால் வைக்க முடியாத சூடு. இரண்டு பேர் மயங்கினார்கள், இறக்கிக் கூழ் கொடுத்துப் படுக்கவைத்தோம். அறுபது வயது ஏகாம்பரம் ஒருமுறைகூட இறங்கவில்லை. பதினொன்றுக்குமேல் வெட்டவெளியில் நிற்பது குற்றம் என்று ஒரு காவலர் வந்து சொன்னார். விஷயத்தைச் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனர் கேட்டார்.

பதினொன்றே காலுக்குக் கடைசி போல்ட்டும் கழன்றது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்று ஒப்புக்கொள்கிறேன். மேற்கு முனையைப் பார்க்க நடந்தேன்.

மைதானத்தில், கூரையின் வாய்க்கு நேர் எதிரே, ஓர் உயரமான விளக்குக் கம்பம் நின்றது. என் வரைபடத்தில் அது இல்லை. பொங்கல் சமயத்தில் நட்டார்களாம். மூன்று ஆள் கட்டிப்பிடிக்கும் அடிக்கட்டை, கான்கிரீட்டில் புதைத்த இரும்பு. கிரேன் இல்லாமல் அசைக்க முடியாது, கிரேன் வேலூரிலிருந்து வர வேண்டும்.

கூரையை அடைத்தபோது முனை இருந்த இடம் தண்டவாளத்தில் அழுக்குக் கோடாகத் தெரிந்தது. அங்கிருந்து கம்பத்துக்கு எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்தேன். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.

தெருமுனையில் ஒரு வெப்பப் பலகை உண்டு. காற்றின் சூடு, கூரையின் சூடு, இரண்டையும் காட்டும், பழைய கணக்கையும் வைத்திருக்கும். ஏகாம்பரம் ஒட்டிய ஆறு மாலையும் கூரை முப்பத்தைந்து டிகிரியை ஒட்டியே இருந்திருக்கிறது. முப்பத்தைந்திலிருந்து அறுபத்தாறு, முப்பத்தொரு டிகிரி ஏற்றம். ஒரு தகடு ஒரு டிகிரிக்கு நீள்வது மேனுவலில் என் கையெழுத்தோடு இருக்கிறது: பாயின்ட் எட்டு நான்கு மில்லிமீட்டர். நாற்பது தகட்டுக்குப் பெருக்கினால் நூற்றிநான்கு சென்டிமீட்டர்.

எட்டு சென்டிமீட்டர் இடிக்கும். இடித்து நின்றுவிட்டால் மொத்தக் கூரையும் எங்காவது வளைந்து எகிறும். எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது, நானூற்றெண்பது மீட்டரில் எங்கே வேண்டுமானாலும். தெருவைக் காலி செய்தாலும் போக இடமில்லை. அடுத்த கூரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாற்பத்தொன்பது டிகிரியில் கைக்குழந்தைகளோடும் வயதானவர்களோடும் நடந்தால் நூறு பேராவது வழியில் விழுவார்கள். அதில் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள்?

மேலேயிருந்து ஒருமுறை பார்க்கலாம் என்று நவநீதத்தின் மாடிக்கு ஏறினேன். அவர் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கக் குனிந்தபோதுதான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். தையற்காரர்கள் துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால் சுவர் முழுக்க எண்கள். இரண்டு இரண்டாக, வரிசை வரிசையாக.

"இது என்ன அக்கா?"

"அதுவா, கோட்டோட அளவு. தெனம் ரெண்டு வேள எடுப்பேன், கார்த்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. டெய்லர் டேப்புதான். மொத எண்ணு பலகையில போட்ற கூர சூடு, பக்கத்துல சந்து எத்தன மில்லின்னு. எரநூத்திப் பதினாலு நாளு கீது."

முப்பதுக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு. என் கணக்கும் அதுவே. அறுபதுக்குப் பக்கத்தில் பதினாறு. என் கணக்கில் பன்னிரண்டரை இருக்க வேண்டும். டேப் இழுத்துவிட்டதோ என்று நினைத்தேன். இன்னொரு அறுபது தேடினேன். பதினாறு. ஐம்பதுக்கு இருபத்து மூன்று, என் கணக்கில் இருபத்தொன்று. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்களின் ஜோடிகளைப் போனில் போட்டுச் சராசரி எடுத்தேன். ஒரு டிகிரிக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கிறது. எல்லா மாதமும் அப்படியே.

எங்கே தவறியது என்று அந்த நிமிடமே புரிந்தது. தகட்டை இழுக்கும்போது கண்ணாடி நார்கள் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் நீளவிடாமல் பிடித்துக்கொள்ளும். குறுக்கே பிடிக்க ஒன்றுமில்லை. ஆய்வகத்துக்கு நான் அனுப்பிய மாதிரித் துண்டு குறுக்கே வெட்டியது. ஊரையே எள்ளி நகையாடிய நான், ஒரு துண்டு பிளாஸ்டிக்கை எந்தப் பக்கம் வெட்டுவது என்று பார்க்கவில்லை.

முக்கால், முப்பத்தொன்று, நாற்பது. தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். கம்பத்துக்கு மூன்று சென்டிமீட்டர் மிச்சம்.

"அக்கா, ஒரு நாளாவது அளக்காம குத்துமதிப்பா எழுதினீங்களா? உண்மைய சொல்லுங்க."

நவநீதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூழ்ல உப்ப வேணா குத்துமதிப்பா போடுவேன். இத இல்ல."

கூத்துக்குக் கட்டியிருந்த மைக் தெரு முழுக்க ஒலிக்கும். மேடையில் ஏறினேன். கூரை வந்த இரண்டு வருடத்தில் அந்தத் தெருவோடு நான் பேசியது அதுவே முதல்முறை. சந்து ஏன் விட்டேன் என்று சொன்னேன். ஏகாம்பரம் அண்ணன் தெரியாமல்தான் அடைத்தார், தெரியாமல் போனதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். என் கணக்குப்படி கூரை கம்பத்தில் இடிக்கும், நவநீதம் அக்கா அளந்த கணக்குப்படி மூன்று சென்டிமீட்டரில் நிற்கும் என்று இரண்டையும் சொன்னேன்.

"நீங்க எத நம்பறீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் பரீட்ச பண்ணது ஒரே ஒரு துண்டு. அவங்க அளந்தது எரநூத்திப் பதினாலு நாளு, இதே தகட்ட, இதே வெயில்ல. நான் அவங்க கணக்கத்தான் நம்பறேன். நானும் இங்கதான் இருக்கப்போறேன். போறவங்க போலாம், தப்பா நெனைக்க மாட்டேன்."

நவநீதம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூழ்ப்பானையைத் தூக்கித் தெருவின் நட்ட நடுவே வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என் கணக்கு தப்புன்னா மொதல்ல என் தலையில வுழட்டும். யாருக்கு கூழு?"

ஒரு இருபது பேர் எழுந்து போயிருப்பார்கள். மற்றவர்கள் அசையவில்லை. சிலர் சொம்பை எடுத்துக்கொண்டு கூழுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஏகாம்பரம் கம்பத்தடியில் ஏணி போட்டு, கையில் டேப்போடு ஏறி நின்றார். யார் சொல்லியும் இறங்க மறுத்துவிட்டார். கூரை எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அங்கிருந்து அவர் கத்துவதை மைக்கில் நான் திருப்பிச் சொன்னேன். பன்னிரண்டே காலுக்கு எழுபத்தெட்டு. பன்னிரண்டரைக்கு எண்பத்தைந்து. நானூற்றெண்பது மீட்டர் கூரை, முப்பது டன், ஓசையில்லாமல் மேற்கே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று. அப்போது பலகையில் கூரைச் சூடு அறுபத்தைந்து, இன்னும் ஒரு டிகிரி பாக்கி. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பலகை அறுபத்தாறைக் காட்டியது. ஏகாம்பரம் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூணு" என்றார். "தொண்ணூத்தி மூணே ரெண்டு நூலு."

அரை மணி நேரம் அங்கேயே நின்றது. கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடம். ஒன்றே முக்காலுக்கு அவர் மறுபடி டேப்பைப் பிடித்துப் பார்த்தார்.

"பின்னால போவுதும்மா" என்றார். ஏணியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தெரு எழுந்து நின்று கை தட்டியது. எனக்காகத் தட்டவில்லை, கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நவநீதத்தைப் பார்த்துத் தட்டினார்கள். எனக்கு அன்று இருந்த பெருமை என் வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை. என் கணக்குத் தப்பான நாளில் வந்த பெருமை. அது என் சொந்தப் பெருமையா, இரவல் பெருமையா என்று இன்றும் தெரியாது.

அடுத்த வாரத்தில், விடியற்காலைக் குளிரில், ஏகாம்பரமே எல்லாக் கீற்றுகளையும் அறுத்து எடுத்து, போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினார். பிறகு அவரும் நானும் உட்கார்ந்து, சந்தின் மேலே ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ரப்பர் மடிப்பு ஒன்றை வடிவமைத்தோம். தகடு இஷ்டப்படி நீளும், மழை உள்ளே வராது. ஒழுகலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. மேனுவலை இரண்டு பக்கத் தமிழாகச் சுருக்கித் தெருமுனைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதவைத்தேன்.

ஆய்வகத்துக்கு நீளவாக்கில் வெட்டிய புதிய துண்டை அனுப்பினேன். பாயின்ட் ஏழு ஐந்து என்று முடிவு வந்தது. திருத்திய எண்ணை எல்லா ஊர்க் கூரைகளுக்கும் அனுப்பும் அறிக்கையில், முதலில் கண்டுபிடித்தவர் பெயரைப் போட வேண்டும். நவநீதத்தின் முழுப் பெயரைக் கேட்கப் போனேன்.

"ச. நவநீதம், கூழ்க்கடைன்னு போடுங்க, போதும்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "மேடம், உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். கோச்சிக்கக்கூடாது."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் கொடுத்து டைப் அடித்த மனு. நான்கு பக்கம். கடைசி மூன்று பக்கமும் சுவரில் இருந்த அதே எண்கள், நாள்வாரியாக.

'பொருள்: பியூலா என்னும் பொறியாளரின் தரமற்ற கூரை வேலை. சந்தின் அளவு ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இல்லாமல் தாறுமாறாக மாறிக்கொண்டே இருப்பதற்கு 214 நாள் ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.'

"இதுக்குத்தான் அளந்தீங்களா?"

"பின்ன என்னா, பொழுது போகாமலா? அந்தத் திங்கக்கெழம குடுக்கறதா இருந்தேன். ஏகாம்பரம் அடைச்சிட்டாரேன்னு உட்டுட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பயமே வந்திருக்கும். சிரித்து முடித்துவிட்டு அந்த மனுவைத் தரமுடியுமா என்று கேட்டேன். அறிக்கையின் கடைசியில் ஆதாரம் என்ற தலைப்பின் கீழ் அதை அப்படியே இணைத்தேன். 'தரமற்ற' என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த கூரை திருப்பத்தூர்ப் பக்கம் வருகிறது. அதற்கு நான் விட்டிருக்கும் இடம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியாது என்று நவநீதம் சொல்லிவிட்டார். திறப்பு விழாவுக்கு டேப்போடு வருகிறாராம்.